எனக்கில்லையா, மதினி?

"மிதி ஜோஜோ, மிதி! இன்னொரு தடவை பிரேக்கைத் தொட்டே, முன்னாடி வந்து கழுத்தை நெரிச்சிருவேன்!"

ஜீப்பின் பின்பக்கத்தில் மண்டியிட்டு, புருஷனின் தலை ஆடாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பூமாரி கத்தினாள்.

"சேச்சி, இது ஜீப்பு. ஹெலிகாப்டர்னு நினைச்சோ?" ஜோஜோ திரும்பாமலே சொன்னான். நாற்பது வயது. இந்த மலையில் இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவன். அவனே இன்றைக்கு ஸ்டீயரிங்கோடு ஒட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான்.

பகல் பதினொரு மணி. ஆனால் ஆடி மாதத்தில் சாந்தன்பாறை ஏலக்காட்டுக்குள் அந்த நேரத்துக்கும் பொழுது சரியாக விடிந்திருக்காது. மழை விட்டதும் மூடுபனி இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஏலச்செடிகள், தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. ஹெட்லைட் வெளிச்சம் பத்தடி போய், பஞ்சுக்குள் ஏற்றிய ஊசியைப் போல மறைந்தது.

ஜீப்பின் உள்ளே எதிரெதிராக இரண்டு நீள சீட்டுகள். ஒன்றில் பாண்டித்துரை கிடந்தான். கம்பளிக்குள் ஆள் இருக்கிறானா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எதிர் சீட்டில் ஒரு வெந்நீர்ப் பிளாஸ்க்கும் துணிப்பையும் மட்டும்.

"சேச்சி, பின்னாடி மூணு பேர் வேண்டாம். ஏத்தத்துல வண்டி இழுக்கலை."

"யாருய்யா மூணு பேரு? நானும் இவருந்தான் இருக்கோம்."

ஜோஜோ கண்ணாடியைப் பார்த்தான். கையால் அதைத் துடைத்தான். மறுபடி பார்த்தான்.

"அப்ப சரி," என்றான். அப்புறம் அந்தக் கண்ணாடியை அவன் பார்க்கவே இல்லை.

குருவிப்பாறை எஸ்டேட்டின் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு வீடு. போன மாதம் வைரல் காய்ச்சல் ஒரு வீடு விடாமல் நுழைந்தது. ஐந்தாறு நாள் எல்லோரையும் படுக்கப் போட்டது. அப்புறம் தானாகவே போய்விட்டது. பாண்டித்துரையை மட்டும் விட மனசில்லாமல் திரும்பி வந்தது. சாயந்திரமானால் கட்டில் குலுங்குகிற குளிர். விடிந்தால் பிழியப் பிழிய வியர்வை. மூன்று நாளாக மூச்சு வாங்கல். இன்று காலை நகங்களுக்கு அடியில் சிராய் குத்தியது போலச் சிவப்புச் சிவப்பாகக் கோடுகள்.

அந்தக் கோடுகளைப் பார்த்ததும்தான் பூமாரி ஜோஜோவின் வீட்டுக் கதவைப் போய் இடித்தாள். ஏனென்றால் அதே கோடுகளை அவள் இன்னொருவன் விரல்களில் பார்த்திருந்தாள்.

மொக்கையன்.

இரண்டு வருஷத்துக்கு முன் பாண்டித்துரையும் ஜீப் ஓட்டினான். மலைப்பாதை வளைவு ஒன்றில் வண்டி உருண்டது. பாண்டித்துரைக்கு வலது கை நசுங்கியது. சோற்றைப் பிசையக்கூட உதவாத கை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டாளி மொக்கையனுக்கு இடுப்பு. வலி தாங்காமல் கத்திய இரண்டு பேருக்கும் வலி மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். எலும்பு கூடியது. ஊசி நிற்கவில்லை. வலி போனபிறகு, ஊசி இல்லாததே வலியாகிவிட்டது.

மொக்கையனுக்குப் பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. அடுத்த வீடு. சாப்பாடு மட்டும் பூமாரி கையால். பாண்டித்துரைக்கு அவள் எதைக் கொடுத்தாலும், கறியோ கட்டஞ்சாயாவோ, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வரும்.

"எனக்கில்லையா மதினி?"

"உனக்கில்லாமயா? வந்து கொட்டிக்க," என்பாள் பூமாரி.

அவன் செத்து இன்றோடு நாற்பது நாள்.

பூப்பாறை முக்கு வந்தது. ஜோஜோ ராஜகுமாரி ரோட்டில் வண்டியை ஒடித்தான். அந்த ரோட்டில் இருபது நிமிஷத்தில் ஓர் ஆசுபத்திரி உண்டு.

"அங்க வேணாம்! போடிக்குப் போ."

"போடிக்கா?" ஜோஜோ வண்டியை நிறுத்தியே விட்டான். "மலை இறங்கணும் சேச்சி. ஒண்ணரை மணிக்கூர். இந்த மஞ்சுல ரெண்டும் ஆகும். இங்கன பக்கத்துல நல்ல டாக்டர் உண்டே?"

"எனக்கு அந்த ஆசுபத்திரி ஆகாது."

"ஆசுபத்திரி என்ன, ராசி பார்த்துப் போற சோசியக்காரன் வீடா?"

"போடின்னா போடிதான். ஓட்டுறியா, நான் இறங்கி வேற வண்டி பார்க்கவா?"

ஜோஜோ சிலுவை போட்டுக்கொண்டான். வண்டி போடிமெட்டுப் பக்கம் திரும்பியது.

பூமாரி புருஷனின் நெற்றியைத் துடைத்தாள். 'போடியில் நம்மை யாருக்கும் தெரியாது. காய்ச்சல் என்று மட்டும் சொல்ல வேண்டும். ஊசி என்ற வார்த்தை வாயிலிருந்து வரவே கூடாது.' அதையே மனசுக்குள் மந்திரம் மாதிரி திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டாள்.

ஒண்ணரை மணி நேரம் இவன் தாங்குவானா?

அதை மட்டும் அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏற்றம் தொடங்கியது. மூடுபனி தார்ப்பாய்க்குள்ளும் நுழைந்து, எதிர் சீட்டில் மெல்ல வந்து உட்கார்ந்தது. பூமாரி குனிந்து, பாண்டித்துரையின் மார்பில் காதை வைத்தாள்.

சளக்... சொய். சளக்... சொய்.

ஈரத் துணியைக் கல்லில் அடித்து, தண்ணீரை உதறுகிற மாதிரி ஒரு சத்தம். நெஞ்சுத் துடிப்பு இப்படிக் கேட்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். எஸ்டேட் டிஸ்பென்சரியில் ஆறு வருஷமாக அட்டெண்டர் வேலை பார்க்கிறவள் அவள்.

காதை எடுத்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

சளக்... சொய்.

எதிர் சீட்டிலிருந்து வந்தது. இவன் துடிப்புக்குப் பின்னாலேயே, அரைத் துடிப்பு தள்ளி.

"ஜோஜோ, ஏதோ சத்தம் கேக்குதா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலை சேச்சி. கேக்கவும் வேண்டாம்." அவன் குரலில் அவ்வளவு நேரமும் இருந்த கிண்டல் காணாமல் போயிருந்தது.

"தண்ணி..." என்று முனகினான் பாண்டித்துரை.

பிளாஸ்க்கைத் திறந்தாள். ஏலக்காய்த் தோல் போட்டுக் கொதிக்க வைத்த வெந்நீர். லயத்தில் குடிக்க, கொப்பளிக்க, புண் கழுவ எல்லாவற்றுக்கும் அதுதான். ஏலத்தோல் பட்ட தண்ணீரில் எந்தக் கிருமியும் நிற்காது என்பது அங்கே எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. மூடியில் ஊற்றி, ஆறட்டும் என்று எதிர் சீட்டில் வைத்தாள். புருஷனின் தலையைத் தூக்கி மடியில் சாய்த்துக்கொண்டு, மூடிக்காகக் கையை நீட்டினாள்.

மூடி காலியாக இருந்தது.

ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. சீட்டு ஈரமில்லை. மூடியின் விளிம்பில் மட்டும் உதடு பட்ட தடம்.

ஏல மணத்தோடு இன்னொரு வாசனை எழுந்தது. ஸ்பிரிட் தடவிய தோலின் வாசனை. அதற்கும் அடியில் நனைந்த செம்மண்.

காதுக்கு மிக அருகில், மிக மெதுவாக...

"எனக்கில்லையா மதினி?"

பூமாரி புருஷனை இறுகக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

அப்போதுதான் வண்டி குலுங்கி நின்றது.

"என்னாச்சு?"

"மரம்!" ஜோஜோ கதவைத் திறந்தான். "ரோட்டுக்குக் குறுக்கே கெடக்கு. நான் போய்ப் பார்க்கறேன். வண்டியை விட்டு இறங்காதே சேச்சி."

இரண்டு எட்டு வைத்தான். பனி அவனை விழுங்கியது.

எஞ்சின் அணைந்த அமைதியில் இலைகளிலிருந்து நீர் சொட்டியது. அதோடு இரண்டு நெஞ்சுகள் துடித்தன. ஒன்று மடியில். ஒன்று எதிரே.

பூமாரி கண்ணைத் திறந்தாள்.

எதிர் சீட்டில் ஆள் இல்லை. ஒரு கை மட்டும் இருந்தது.

பனிக்குள்ளிருந்து நீண்டு, சீட்டின் மேல் மல்லாந்து கிடந்தது. முழங்கைக்கு மேலே ஒழுங்காகச் சுருட்டிவிட்ட சட்டைக் கை. கட்டம் போட்ட அந்தச் சட்டையை அவளுக்குத் தெரியும்; அறுந்த பொத்தானைத் தைத்துக் கொடுத்ததே அவள்தான். நகங்களுக்கு அடியில் சிவப்புக் கோடுகள். விரல்கள் மூடின. திறந்தன. மூடின. திறந்தன. அவசரமே இல்லாமல், தன் முறைக்காகக் காத்திருக்கிறவனைப் போல.

"போயிரு மொக்கை," பூமாரியின் உதடு மட்டும் அசைந்தது. "கும்பிடுறேன். உனக்குக் கெடா வெட்டிப் படைக்கிறேன். இவரை விட்டுரு."

கை நகர்ந்தது.

அவள் பக்கம் வரவில்லை. பாண்டித்துரையின் இடது கையைத் தேடிப் போனது. கம்பளியின் ஓரத்தில் தொங்கிய அந்தக் கையைப் பிடித்தது. பழைய கூட்டாளிகள் டீக்கடை வாசலில் கை கோத்துக்கொள்வதைப் போல, அத்தனை பிரியமாக.

"ரெண்டு மணிக்கூர் ஆகும் சேச்சி!"

ஜோஜோவின் குரல். பனி கலைந்தது. எதிர் சீட்டில் பிளாஸ்க்கும் பையும் மட்டும்.

"பெரிய மரம். வெட்ட ஆள் வரணும். எந்தா செய்யும்?" ஜோஜோ பின்னால் வந்து எட்டிப் பார்த்தான். பாண்டித்துரையின் உதடு நீலம் பாரித்திருப்பதைக் கண்டதும் அவன் குரல் மாறியது. "சேச்சி... இது விளையாட்டில்லை. உனக்கு அந்த ஆசுபத்திரியில என்ன பயம்னு நான் கேக்கலை. ஆனா போடிக்குன்னா நாம இவனை இல்ல, இவன் சவத்தைத்தான் கொண்டு போவோம்."

பூமாரி புருஷனின் இடது கையைத் தேய்த்துச் சூடேற்றப் பார்த்தாள். விரல்கள் இறுக மூடியிருந்தன. பிரிக்க முடியவில்லை. மூச்சுக்கே வலுவில்லாதவனுக்கு முஷ்டியில் எங்கிருந்து இத்தனை வலு?

"திருப்பு," என்றாள். "அங்கேயே போ."

ஆசுபத்திரி வாசலில் மாஸ்க் இல்லாமல் உள்ளே விடவில்லை. காய்ச்சல் காலம். ஜோஜோ ஒன்று வாங்கிவந்து கொடுத்தான். அதை அவள் கண்ணுக்குக் கீழே வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். புடவைத் தலைப்பை எடுத்துத் தலையிலும் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்ப் பெண். அனாவசியமாகப் பேசாதவர். பாண்டித்துரையின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். அவருடைய புருவங்கள் நெருங்கின. நசுங்கிய வலது கையைத் தூக்கி நகங்களை விளக்கில் பார்த்தார். இடது கைச் சட்டையை மேலே சுருட்டினார்.

முழங்கை மடிப்பில் கருத்த தழும்புகள், எறும்புச் சாரி போல.

"இவருக்கு ஊசி போட்டுக்கற பழக்கம் இருக்குங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க டாக்டர்."

"இந்தத் தழும்பு?"

"டிஸ்பென்சரில டிரிப் போட்டது. ஊரு பூரா வைரல் காய்ச்சல்ல..."

"காய்ச்சல் எல்லாத்துக்கும்தானுங்க வந்துச்சு. எல்லாத்துக்கும் நெஞ்சுல இந்தச் சத்தம் கேக்குதா?" டாக்டர் நிமிர்ந்தார். "நல்லாக் கேட்டுக்கோங்க. ஊசி வழியா ரத்தத்துல போற கிருமி நேரா இதய வால்வுல போய் ஒட்டிக்கும். அதே சமயம் வைரஸ் காய்ச்சலும் வந்து உடம்பு துவண்டு கெடந்தா, அதுக்குக் கொண்டாட்டம். வால்வைத் தின்னுரும். காய்ச்சலுக்குன்னு நெனச்சு வைத்தியம் பண்ணினா இவர் இன்னிக்கு ராத்திரி தாண்ட மாட்டார். உண்மையைச் சொன்னா, அதுக்கான மருந்தை நான் இந்த நிமிஷமே ஆரம்பிக்கலாம். இப்ப சொல்லுங்க."

பூமாரி மாஸ்க்கை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

வேலை போகும். வேலையோடு லயத்து வீடும் போகும். போலீஸ் வரும். ஊசிக்காரி என்று பன்னிரண்டு வீடும் காறித் துப்பும்.

"இல்லீங்க டாக்டர்," என்றாள்.

கட்டிலின் அந்தப் பக்கத்து ஸ்டூல் கிறீச்சிட்டது. யாரோ உட்கார்ந்த மாதிரி.

டாக்டரும் நர்ஸும் பூமாரியும் ஸ்டூலைப் பார்த்தார்கள். அதில் யாரும் இல்லை.

ஏல மணம்.

"இன்னொண்ணு சொல்லுங்க." டாக்டர் நசுங்கிய வலது கையை மெதுவாகக் கீழே வைத்தார். "இந்தக் கையால ஒரு கரண்டி பிடிக்க முடியாது. தழும்பு பூரா இடது கையில. அவரா போட்டுக்க முடியாது."

பூமாரி பக்கம் திரும்பினார்.

"அப்ப போட்டது யாரு?"

சளக்... சொய். சளக்... சொ...

பாண்டித்துரையின் துடிப்பு தடுமாறியது. ஸ்டூலில் இருந்த துடிப்பு தடுமாறவில்லை. நிதானமாக, பொறுமையாக, துணைக்கு ஆள் வரப்போகிற நிம்மதியில் அடித்துக்கொண்டிருந்தது.

"நான்தான்!"

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பூமாரி தரையில் சரிந்தாள்.

"நான்தாம்மா போட்டேன். இவரு கதறல் கேக்க முடியல. டிஸ்பென்சரி அலமாரில மருந்து இருந்துச்சு. வெளியில வாங்கியும் போட்டேன். புது ஊசியெல்லாம் கம்பவுண்டர் பூட்டுக்குள்ள. பழைய கண்ணாடி ஊசி ஒண்ணு கெடந்துச்சு, அதை எடுத்தேன். ஏலத்தோல் வெந்நியில கழுவிக் கழுவித்தாம்மா போட்டேன்... ஒரு கிருமி நிக்காதுன்னு நெனச்சேன்... ரெண்டு பேருக்குமே அதுலதான்..."

"ரெண்டு பேரா?"

டாக்டர் குனிந்தார். அவளுடைய மாஸ்க்கைத் தானே கீழே இறக்கினார். ஒரு நிமிஷம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்களா?" அவர் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "ஒண்ணரை மாசம் முன்னாடி ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தீங்க. கட்டம் போட்ட சட்டை. சொந்தம்னு யாரும் இல்ல, நான் டிஸ்பென்சரி ஸ்டாஃப்னு சொன்னீங்க. இதே கட்டில். இதே கேள்வியைத்தான் அன்னிக்கும் கேட்டேன்."

"கேட்டீங்க."

"நீங்க..."

"டிரிப் போட்ட தழும்புன்னேன்."

"டிஸ்பென்சரி ஸ்டாஃப் சொல்றாங்களேன்னு நானும் நம்பிட்டேன்." டாக்டர் கண்களை மூடித் திறந்தார். "ரெண்டு நாள் காய்ச்சல் மருந்து கொடுத்தேன். மூணாம் நாள் முடிஞ்சுட்டார். கடைசியா உங்க முகத்தையே பார்த்துட்டு ஏதோ கேட்டுட்டிருந்தாரே, என்ன கேட்டார்?"

பதில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது.

அடுத்த நொடியே டாக்டர் பழையபடி டாக்டரானார். "சிஸ்டர் கத்தரீனாள்! ரத்தம் எடுங்க, கல்ச்சருக்கு. எடுத்த உடனே ஆன்டிபயாடிக் ஏத்தணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் சொல்லுங்க, ஆபரேஷன் தேவைப்படலாம்."

"பொழைச்சுக்குவாராம்மா?"

"காலையிலேயே நேரா வந்திருந்தா கொஞ்சம் தைரியமா சொல்லியிருப்பேன். இப்ப, பார்ப்போம்." ஒரு கணம் யோசித்தார். "அந்த ஊசி எங்க? வேற யார் கையிலாவது இருந்தா, இன்னொரு உயிர் போயிரும்."

"இல்லம்மா. அது இனிமே யார் கைக்கும் வராது. சத்தியமா வராது."

அதை மட்டும் அவள் உறுதியாகச் சொன்னாள்.

"டாக்டர்..." கத்தரீனாள் கூப்பிட்டாள். "இடது கையைத் திறக்க முடியலை. எதையோ பிடிச்சுக்கிட்டிருக்கார்."

இரண்டு பேராகப் பிரித்தார்கள். சுண்டுவிரல். மோதிர விரல். நடுவிரலை எடுத்ததும் உள்ளங்கையிலிருந்து மண் உதிர்ந்தது. வெள்ளை விரிப்பின் மேல் நனைந்த செம்மண்.

அதற்குள் ஒரு கண்ணாடி ஊசி.

பழங்காலத்து ஊசி. குழாயெல்லாம் மண். முனையில் மட்டும் மண் இல்லை. கழுவினாற்போலப் பளிச்சென்று, வெந்நீரின் இளஞ்சூட்டோடு ஏல மணம் வீசிக்கொண்டிருந்தது.

"இதுதானா அது?" என்றார் டாக்டர்.

பூமாரியின் பார்வை ஊசியில் இல்லை, காலி ஸ்டூலில் இருந்தது. அதன் கீழே தரையில் செம்மண் அப்பிய இரண்டு பாதங்களின் தடம், அவளைப் பார்த்தபடி.

நாற்பது நாளுக்கு முன், எஸ்டேட் இடுகாட்டு மழையில், எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் அள்ளிப் போட்டபோது, தன் பிடி மண்ணுக்குள் பொதிந்து, மொக்கையனின் நெஞ்சின் மேலேயே அந்த ஊசியைப் போட்டு மூடியவள் அவள்தான்.